நானோஹெர்ட்ஸுக்கு ஓர் எடுத்துக்காட்டு

பிப்ரவரி 4, ஞாயிறு

மாதா கோயில் பூசைக்குப் போகவில்லை. இவரைத் தனியே விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. பத்து மணிக்கு டாக்டர் கோமதிநாயகம் வீட்டுக்கே வந்தார். ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னை வாசல் வரை கூட்டிப்போய்ச் சொன்னார்.

"டீச்சர், இனி மருந்து ஏத்துறதுல பிரயோசனம் இல்ல. ரெண்டு நுரையீரலும் போயிருச்சு. வலி இல்லாமப் பாத்துக்கிடுவோம். மாசக் கணக்குதான்."

நல்ல மனிதர். காப்பி குடிக்காமல் போய்விட்டார்.

மதியம் லீமாவுக்குச் செய்தி அனுப்பினேன். "டாக்டர் பார்த்தார். மாசக் கணக்கு என்கிறார். பயப்படாதே. ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு மே மாதம் வந்தால் போதும்." அவள் இருக்கும் சரக்குக் கப்பல் நடுக்கடலில் எங்கோ நிற்கிறது. செய்தி எப்போது போய்ச் சேருமோ. இருபத்திரண்டு ஆண்களுக்கு நடுவே ஒரே பெண், இரண்டாம் எஞ்சினியர். எங்களுக்கும் ஒரே பெண்.

இன்று இரண்டு இட்லி சாப்பிட்டார். நேற்றைவிட ஒன்று கூடுதல்.

பிப்ரவரி 6, செவ்வாய்

பதினோராம் வகுப்பு இயற்பியல் கைடுக்கான பக்கங்கள் மதுரையிலிருந்து வந்திருக்கின்றன. ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகியும் பதிப்பாளர் திரவியம் சார் என்னை விடுவதாக இல்லை. இந்த முறை அலகு மாற்றம். அதிலும் அதிர்வெண் மட்டும் நான்கு பக்கம். டெராஹெர்ட்ஸிலிருந்து நானோஹெர்ட்ஸ் வரை ஓர் அட்டவணை இருக்கிறது. ஒவ்வொரு அலகுக்கும் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி ஓர் எடுத்துக்காட்டு நான் தரவேண்டும்.

முதல் வரியைப் படித்ததுமே போனை எடுத்தேன்.

"சார், மனித இதயத் துடிப்பு ஆயிரத்து இருநூறு மெகாஹெர்ட்ஸுன்னு போட்டிருக்கீங்க."

"எம் ஹெர்ட்ஸுதானே டீச்சர் நீங்க எழுதுனது?"

"நான் எழுதுனது சின்ன எம். மில்லி. நீங்க போட்டது பெரிய எம். மெகா."

"டிசைன் பண்ற பையன் எல்லாத்தையும் பெரிய எழுத்தாக்கிட்டான் டீச்சர். பார்வைக்கு எடுப்பா இருக்கும்னு. ஒரு எழுத்துதானே?"

"நூறு கோடி மடங்கு சார். அந்த இதயம் ஒரு வினாடிக்கு நூற்றிருபது கோடி தடவை துடிக்கணும்."

"அப்ப சின்ன எம்மே போட்ருவோம்" என்றார், ஏதோ விட்டுக்கொடுப்பவர் மாதிரி.

இவர் கட்டிலில் இருந்தபடி கேட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

பிப்ரவரி 9, வெள்ளி

மேலிருந்து இறங்குகிறேன். டெரா என்றால் லட்சம் கோடி. வேப்பிலையின் பச்சை ஒளி ஐநூற்றைம்பது டெராஹெர்ட்ஸ். ஜிகா என்றால் நூறு கோடி. வீட்டில் இருக்கும் வைஃபை பெட்டி. மெகா என்றால் பத்து லட்சம்.

"மெகாவுக்கு நான் தாரேன், எழுதிக்கோ" என்றார் இவர். "நூத்தி அம்பத்தாறு புள்ளி எட்டு. பதினாறாம் சேனல். ஓவர்."

முப்பது வருடம் துறைமுகக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து, வருகிற போகிற கப்பல்களோடு வயர்லெஸ்ஸில் பேசியவர். ஒரு வாக்கியத்தை முடித்தால் "ஓவர்" என்று சொல்லவேண்டும். நான் பேசிவிட்டேன், இனி நீ பேசு என்று அர்த்தம். அது அப்படியே வீட்டுக்கும் வந்துவிட்டது. "டீச்சர், உப்பு கம்மி, ஓவர்." "டீச்சர், லீமா பரீட்சையில பாஸ், ஓவர்." பேச்சே முடிந்தது என்று சொல்ல "அவுட்" என்று வேறொரு சொல் உண்டாம். அதை அவர் வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை.

நான் ஒருநாளும் "ஓவர்" சொன்னதில்லை. "பதிலுக்கு ஓவர் சொல்லாம விட்டா நான் எப்படிப் பேசுறது?" என்று சீண்டுவார். வீட்டை எதற்குக் கட்டுப்பாட்டு அறை ஆக்கவேண்டும் என்பேன்.

பதினாறாம் சேனலை எழுதிக்கொண்டேன். கிலோவுக்குப் பண்பலைக்கு முந்தைய மத்திய அலை வானொலி. வெறும் ஹெர்ட்ஸுக்குத் தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறி.

ஆக்ஸிஜன் மெஷின் வாடகைக்கு எடுத்திருக்கிறோம். நிமிடத்துக்கு இரண்டு லிட்டரில் ஓடுகிறது.

பிப்ரவரி 12, திங்கள்

லீமா அழைத்தாள். டர்பனுக்கு வெளியே நங்கூரம் போட்டிருக்கிறார்களாம். கப்பலில் இணையம் பெயருக்குத்தான் இருக்கிறது. கரை பக்கத்தில் வந்தால்தான் அவளோடு ஒழுங்காகப் பேச முடியும்.

"அம்மா, இங்கேயே இறக்கிவிடுங்கன்னு கம்பெனில கேட்டா விட்ருவாங்க. வந்திரட்டா?"

"சீஃப் எஞ்சினியர் பரீட்சைக்கு இன்னும் மூணு மாசக் கடல் சர்வீஸ் குறையுதுன்னு சொன்னியே. பாதியில இறங்குனா அது போயிரும்லா? டாக்டர்தான் மாசக் கணக்குன்னு சொல்லிட்டாங்களே."

"நெசமா?"

"நெசந்தான். நேத்து இட்லி தின்னாங்க. அப்பாட்ட பேசு."

போனை அவர் காதருகே வைத்தேன்.

"என்ன எஞ்சினியர், கப்பல்ல பெட்ரோல் இருக்கா? ஓவர்."

"பெட்ரோல் இல்லப்பா, ஃபர்னஸ் ஆயில். எத்தன தடவ சொல்லுதது? ஓவர்."

"எல்லாம் ஒண்ணுதான். நல்லா தின்னுதியா? ஓவர்."

இப்படியே போயிற்று. கடைசியில் அவருக்கு மூச்சு வாங்கியது. "அம்மா பேசுவா, ஓவர்" என்று என்னிடம் கொடுத்துவிட்டார். நான் பேசுவதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

அவளிடமிருந்து இதற்கு முந்தைய அழைப்பு ஜனவரி கடைசி நாளில் வந்தது. ஏறக்குறைய பதினொன்றரை நாளுக்கு ஒன்று. மைக்ரோஹெர்ட்ஸ் என்பது அதேதான். பத்து லட்சம் வினாடிக்கு ஒரு முறை. கைடில் இதை எழுத முடியாது. ஆனாலும் ஓர் எடுத்துக்காட்டு கிடைத்தது என்று மனதுக்கு ஒரு நிறைவு.

பிப்ரவரி 18, ஞாயிறு

பிள்ளைகள் எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான். பெரிய அலகிலிருந்து சின்ன அலகுக்கு இறங்கும்போது எண் பெரிதாகும். டெராவிலிருந்து நானோவுக்கு இறங்கினால் இருபத்தொரு பூஜ்யம் சேர்க்கவேண்டும். "இத்தனை பூஜ்யம் சேர்ந்தா அதிர்வெண் கூடிப்போச்சா டீச்சர்?" என்று வகுப்பில் யாராவது ஒருவர் வருடா வருடம் கேட்பார்கள்.

அதற்கு நான் குடத்தைத்தான் சொல்வேன். ஒரு குடம் தண்ணீரை டம்ளரில் அளந்தால் அறுபது, எழுபது வரும். ஸ்பூனில் அளந்தால் ஆயிரக்கணக்கில் வரும். தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கூடாது.

இதையே எழுதி அனுப்பினேன். திரவியம் சாருக்குப் பிடித்திருக்கிறது. படம் போடச் சொல்கிறாராம்.

இன்று கஞ்சி. ஆறு ஸ்பூன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

லீமாவின் கப்பல் நேற்றுக் கிளம்பிவிட்டதாம். அடுத்து சிங்கப்பூர். நடுவில் கரை கிடையாது.

பிப்ரவரி 22, வியாழன்

சட்டை மாற்றும்போது பார்த்தேன். தோள் எலும்பு தெரிகிறது. வெயில் காலத்தில் உடம்பு இளைப்பது சகஜம்தான். மெஷின் நான்கு லிட்டரில் இருக்கிறது.

பிப்ரவரி 24, சனி

டாக்டர் மாலை ஆறு மணிக்கு வந்தார். இந்த முறை வாசல் வரை போகவில்லை. கட்டிலுக்குப் பக்கத்திலேயே, இவர் தூங்குகிறார் என்று நினைத்து, மெதுவாகச் சொன்னார்.

"நாள் கணக்கு ஆயிருச்சு டீச்சர். லீமாவ வரச் சொல்லிருங்க."

"போன வாரம் நல்லாத்தானே இருந்தாங்க?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். "நான் அன்னைக்கே சொன்னேனே" என்றார்.

அவர் போனபின் இவர் கண் திறந்தார். "டாக்டர் என்ன சொல்லுதாரு? ஓவர்."

"சாப்பிடச் சொல்றாரு" என்றேன்.

கப்பல் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். உடனே பதில் வந்தது. கப்பலைத் திருப்ப முடியாது, சிங்கப்பூரில் மார்ச் ஆறாம் தேதி இறக்கி விமானம் ஏற்றிவிடுவார்கள், ஏழாம் தேதி காலை வீட்டில் இருப்பாள் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

இன்று மாலையிலிருந்து ஏழாம் தேதி காலை வரை கணக்குப் போட்டேன். பத்து லட்சம் வினாடி. சரியாக ஒரு மைக்ரோஹெர்ட்ஸ்.

பிப்ரவரி 26, திங்கள்

இதயம் வினாடிக்கு ஒரு முறை துடிப்பதாக வைத்துக்கொண்டால், சனிக்கிழமை மாலையிலிருந்து பத்து லட்சம் துடிப்பு போதும். அவள் வந்துவிடுவாள். எண்ணைக் கேட்டால் மலைப்பாக இருக்கிறது. ஆனால் இவர் இதுவரை துடித்த துடிப்புகளைப் பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. எழுபத்தொரு வருடத்தில் இருநூறு கோடிக்கு மேல் துடித்திருக்கும். இன்னும் ஒரு பத்து லட்சம்.

விரலில் மாட்டும் கருவி நூற்றுப் பதினெட்டு காட்டுகிறது. அப்படிப் பார்த்தால் ஏறக்குறைய இருபது லட்சம். அவர் இதயம் ஏன் இப்படி அவசரப்படுகிறது?

நாள் கணக்கு என்றாலும் வினாடியில் லட்சக்கணக்கில் இருக்கிறது.

இதை எழுதிவிட்டு, குடத்தையும் ஸ்பூனையும் பற்றிப் போன வாரம் எழுதியதைப் புரட்டிப் பார்த்தேன். மூடி வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 28, புதன்

மில்லிஹெர்ட்ஸ்: ஆயிரம் வினாடிக்கு ஒரு முறை. பதினாறு நிமிடம் நாற்பது வினாடி. பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அவர் உதட்டில் வைக்கிறேனே, ஏறக்குறைய அந்த இடைவெளிதான்.

பிப்ரவரி 29, வியாழன்

திரவியம் சார் போன் செய்தார். நானோ வரிசை மட்டும் காலியாக இருக்கிறதாம்.

"ஒரு நானோஹெர்ட்ஸ்னா எவ்வளவு டீச்சர், சாதாரணமாச் சொன்னா?"

"முப்பத்தொரு வருஷம் எட்டு மாசத்துக்கு ஒரு தடவை."

"அப்படி என்ன இருக்கு உலகத்துல?"

"கிறிஸ்துமஸ் முப்பத்திரண்டு நானோ. தேர்தல் ஆறு நானோ. சரியா ஒண்ணு வரணும்னா யோசிக்கணும்."

"நிதானமா யோசிங்க" என்றார். "ஐயா எப்படி இருக்காங்க?"

"பரவாயில்ல" என்றேன்.

இவர் இப்போது முழு வாக்கியம் பேசுவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் "தண்ணி, ஓவர்." மற்ற நேரம் "ஓவர்" மட்டும். என்னைப் பேசச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு ஏதாவது பேசுகிறேன். காய்கறிக்காரர் வந்தது, பக்கத்து வீட்டில் வெள்ளையடிப்பது, துறைமுகத்தில் இன்று எத்தனை கப்பல் என்று நாளிதழில் போட்டிருப்பது.

மார்ச் 1, வெள்ளி

"ஓவர்" கூட இல்லை.

மார்ச் 3, ஞாயிறு

மூன்று மணிக்கு ஒரு நீளமான எண்ணிலிருந்து அழைப்பு. கேப்டன் கப்பலின் சாட்டிலைட் போனில் பேச அனுமதி கொடுத்திருக்கிறார். ஒரு பக்கம் பேசினால் மறுபக்கம் கேட்கக் கொஞ்ச நேரம் ஆகிறது. ஸ்பீக்கரில் போட்டுத் தலையணையில் வைத்தேன்.

"அப்பா, லீமா பேசுதேன். கேக்குதா? ஓவர்."

ஆக்ஸிஜன் மெஷின் சத்தம் மட்டும். அவள் காத்திருந்தாள்.

"அப்பா, இன்னும் மூணு நாள். சிங்கப்பூர்ல துறைமுகப் பைலட் ஏறுனதும் நான் இறங்கிருவேன். பெட்ரோல் நெறைய இருக்குப்பா. ஓவர்."

மறுபடி காத்திருந்தாள். அவர் உதடு அசைந்தது. கண் திறக்கவில்லை. இடது கண்ணின் ஓரத்தில் நீர் கோத்து, சரிந்து, காதுக்குள் இறங்கியது. சேலைத் தலைப்பால் துடைத்தேன். மறுபடி வந்தது.

"அம்மா, அப்பாக்குக் கேக்குதாம்மா? ஏதாவது சொல்லச் சொல்லேன். ஓவர்."

நான் போனைக் கையில் எடுத்தபோது இணைப்பு அறுந்திருந்தது. அந்த எண்ணுக்குத் திரும்ப அழைத்தேன். போகவில்லை.

மார்ச் 5, செவ்வாய்

காலை ஆறு நாற்பது.

மெஷினை நிறுத்திய பிறகுதான் அது இத்தனை நாள் எவ்வளவு சத்தம் போட்டது என்று தெரிந்தது.

மார்ச் 7, வியாழன்

ஏழே முக்காலுக்கு லீமா கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். முதுகில் பை. கப்பல் எண்ணெய் வாசனை இன்னும் இருந்தது. கூடியிருந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். குளிர்பெட்டியின் கண்ணாடி மேல் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. கண்ணாடியில் படிந்திருந்த ஆவியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

பதினோரு மணிக்கு டாக்டர் கோமதிநாயகம் மாலையோடு வந்தார். லீமாவின் தலையில் கை வைத்தார்.

"மனசத் தேத்திக்கோம்மா. ஒண்ணும் செய்றதுக்கில்ல. பிப்ரவரி ஆரம்பத்துலயே அம்மாட்ட சொல்லிட்டேன், மாசக் கணக்குதான்னு. ஒரு மாசம்னு சொன்னாலே அதிகம்னு எனக்குத் தெரியும்."

லீமா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கல்லறைக்கு நாலு மணிக்குக் கொண்டுபோனோம்.

மார்ச் 9, சனி

வந்தவர்கள் போய்விட்டார்கள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர். அவள் துணிகளை மடிக்கிறாள். மருந்து மாத்திரைகளைப் பிரித்து மருந்துக்கடையில் திருப்பிக் கொடுக்கிறாள். மெஷின்காரனிடம் பேசி வாடகைக் கணக்கை முடிக்கிறாள். எல்லாம் ஒழுங்காகச் செய்கிறாள். என்னோடு தேவைக்குப் பேசுகிறாள்.

மதியம் சமையலறை வாசலில் வந்து நின்றாள். கையில் போன். நான் அனுப்பிய செய்தியைத் திறந்து வைத்திருந்தாள்.

"டாக்டர் சொன்னது 'மாசக் கணக்குதான்'. நீங்க எனக்கு எழுதுனது 'மாசக் கணக்கு'."

"ஆமா."

"'தான்' எங்கம்மா?"

பால் பொங்கி வழிந்தது. அடுப்பை அணைக்கத் தோன்றவில்லை. அவள்தான் வந்து அணைத்தாள்.

மார்ச் 10, ஞாயிறு

நாற்பது வருடம் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன், எண்ணை மட்டும் எழுதினால் மதிப்பெண் கிடையாது, அலகையும் எழுதவேண்டும் என்று.

பூசைக்கு இருவரும் போனோம். போகும்போதும் வரும்போதும் அவள் இரண்டடி முன்னால் நடந்தாள்.

மார்ச் 12, செவ்வாய்

திரவியம் சார் துக்கம் விசாரித்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, "அந்த நானோ டீச்சர்... அவசரம் இல்ல" என்றார். அச்சகம் காத்திருக்கிறது என்பது குரலில் தெரிந்தது.

மாலையில் அந்தப் பக்கங்களை எடுத்து மேஜையில் விரித்தேன். லீமா எதிரே வந்து உட்கார்ந்தாள். ஊருக்கு வந்ததிலிருந்து முதல் முறையாக எதிரே உட்கார்ந்தாள். அட்டவணையைத் தன் பக்கம் திருப்பிப் படித்தாள். மெகா வரிசைக்கு வந்ததும் விரல் நின்றது.

"பதினாறாம் சேனல். அப்பா சொன்னதா?"

"ஆமா."

"நானோல ஒண்ணும் இல்லியே?"

"சனிக்கோளைப் போடப்போறேன். சூரியனைச் சுத்தி வர இருபத்தொன்பதரை வருஷம். ஒரு நானோவுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். பிள்ளைங்களுக்குப் புரியும்."

"சரியா ஒரு நானோன்னா?"

"முப்பத்தொரு வருஷம் எட்டு மாசம்."

"என் வயசு" என்றாள்.

நான் அதுவரை அதைக் கூட்டிப் பார்க்கவில்லை. தொண்ணூற்றிரண்டு ஜூன் கடைசியில் பிறந்தவள். மார்ச் மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமைக்குச் சரியாக வருகிறது.

"அம்மா, அன்னைக்கு நான் பேசுனது அப்பாக்குக் கேட்டுச்சா? ஒரு சத்தமும் வரலியே. நான் பாட்டுக்கு மெஷினோட பேசிட்டு இருந்த மாதிரி இருந்துச்சு. கப்பல் பூரா அதே நெனப்பு."

அவளிடம் சொன்னேன். நீ பிறந்த அன்று அப்பா டியூட்டியில் இருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து போன் போய், துறைமுகச் சட்டையோடு ஓடிவந்தார். வராந்தாவில் நிற்கும்போதே உன் அழுகை கேட்டிருக்கிறது. உள்ளே வரும்போது அவர் கண் இரண்டும் சிவந்திருந்தன. என்ன என்று கேட்டேன். டீசல் புகை என்றார். அதற்குப் பிறகு அவர் அழுது நான் பார்த்ததில்லை. அவர் அம்மா இறந்தபோதுகூட இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வரை. உன் குரல் கேட்டதும் கண்ணில் நீர் கோத்தது. துடைக்கத் துடைக்க வந்தது. காது நனைந்துவிட்டது. உன்னிடம் சொல்லப் போனை எடுப்பதற்குள் அறுந்துவிட்டது.

"இங்க டீசல் ஏது?" என்றாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை. மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். வந்து ஐந்து நாள் கழித்து அழுகிறாள். அவள் தலைமேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டில் வெள்ளையடிப்பவர்கள் ஏணியை மடக்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

ஒரு முறை மட்டும் நடப்பதற்கு அதிர்வெண் கிடையாது. வகுப்பில் இதை அழுத்திச் சொல்வேன். மறுபடி நடந்தால்தான் அது அதிர்வெண். இது இரண்டு முறை நடந்தது. இரண்டு முறையும் அவள் குரலைக் கேட்டுத்தான் நடந்தது.

புத்தகத்துக்குச் சனிக்கோளை எழுதி அனுப்பிவிட்டேன்.

லீமா முகம் கழுவிவிட்டு வந்தாள். சட்டிமூடியைத் தூக்கிப் பார்த்தாள்.

"சாப்பிட என்ன இருக்கு? ஓவர்."

"புளிக்குழம்பு. அப்பளம் பொரிக்கணும்" என்றேன்.

அவள் அப்படியே நின்றாள். தட்டை எடுக்கவில்லை, பதிலும் பேசவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு மூடியைக் கையில் வைத்திருந்தாள். எதற்குக் காத்திருக்கிறாள் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"ஓவர்" என்றேன்.